வேறு நாட்டுத் தரநிலையில் வந்த முறுக்குக் கம்பியை ஒப்பிடுவது எப்படி

டிராயிங்கில் பி500பி என்ற ஐரோப்பிய கிரேடு இருக்கிறது, சப்ளையர் அனுப்பிய டெஸ்ட் சர்டிபிகேட்டில் எஃப்இ 500டி என்ற இந்திய கிரேடு இருக்கிறது. இரண்டிலும் 500தானே, வாங்கிக்கொள்ளலாமா? பெரும்பாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முடியும், ஆனால் அந்த 500-ஐப் பார்த்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. எண் ஒன்றாக இருந்தாலும் அதை அளந்த விதம், அதற்குக் கொடுக்கும் உத்தரவாதம், அதோடு சேர்ந்து வரும் மற்ற நிபந்தனைகள் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். 'சமமான கிரேடுகள்' என்று இணையத்தில் சுற்றும் அட்டவணைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவற்றில் பல, யீல்டு வலிமையை (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை) மட்டும் பார்த்துக் கோடு போட்டு இணைத்தவை.

முதலில் கிரேடு பெயரைப் பிரித்துப் படியுங்கள். எண் என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் யீல்டு வலிமைதான், எம்பிஏ (சதுர மிமீ-க்கு இத்தனை நியூட்டன்) அலகில். அமெரிக்கத் தரநிலைகள் மட்டும் விதிவிலக்கு: கிரேடு 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம் பவுண்டு, மெட்ரிக்கில் அதை 420 என்று குறிப்பார்கள். அதேபோல கிரேடு 80 என்பது 550, கிரேடு 100 என்பது 690. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் உண்மையில் முக்கியம், குழப்பமும் அங்கேதான். ஐரோப்பிய முறையில் ஏ, பி, சி என்று நீளும் தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆஸ்திரேலியா–நியூசிலாந்து தரநிலையான 4671-இல் எல், என், ஈ. கனடாவில் ஆர், டபிள்யூ. இந்தியாவின் ஐஎஸ் 1786-இல் டி, எஸ். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சர்வதேச ஐஎஸ்ஓ 6935-2 தரநிலையிலும் டி என்ற வகுப்பு உண்டு, அது 8 சதவீத சீர் நீட்சியும் (அறுவதற்கு முன் கம்பி சீராக நீளும் அளவு), உச்ச வலிமைக்கும் (கம்பி தாங்கும் அதிகபட்சம்) யீல்டுக்கும் இடையே 1.25 விகிதமும் கேட்கும். இந்திய டி கேட்பது 5 சதவீதமும், 500 கிரேடுக்கு 1.10 விகிதமும்தான். அதாவது எஃப்இ 500டி ஏறக்குறைய ஐரோப்பிய பி வகுப்போடு நிற்கும் கம்பி, ஐஎஸ்ஓ டி-யோடு அல்ல. ஜப்பான், கொரியாவின் எஸ்டி390, எஸ்டி500 போன்ற பெயர்களில் வரும் டி-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அங்கே அது மேற்பரப்பில் வரிகள் உள்ள கம்பி என்பதை மட்டும் சொல்கிறது.

பெயரோடு தரநிலையின் பதிப்பு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் ஏ615-இன் கிரேடு 60-க்கு நெடுங்காலம் குறைந்தபட்ச உச்ச வலிமை 620 எம்பிஏ. 2020 பதிப்பில் அது 550 ஆகிவிட்டது. சீனாவின் 1499.2 தரநிலை 2018-இல் எச்ஆர்பி335-ஐ நீக்கி எச்ஆர்பி600-ஐச் சேர்த்தது. பழைய பிரிட்டிஷ் டிராயிங்குகளில் இன்னும் கிரேடு 460 கண்ணில் படும். ஆண்டில்லாத சர்டிபிகேட் என்றால் திருப்பி அனுப்பிக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

யீல்டு: எந்தப் பரப்பால் வகுத்தார்கள்?

பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது, எனக்கோ முழு வேலையிலும் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். சோதனை இயந்திரம் காட்டுவது விசையை. அதைப் பரப்பால் வகுத்தால்தான் எம்பிஏ வரும். எந்தப் பரப்பு? ஏஎஸ்டிஎம், ஐரோப்பிய, பிரிட்டிஷ் தரநிலைகள் பெயரளவுப் பரப்பால் வகுக்கச் சொல்கின்றன, அதாவது 16 மிமீ கம்பி என்றால் 201 சதுர மிமீ, கம்பி உண்மையில் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் அதே 201. ஐஎஸ் 1786 அப்படியல்ல, அந்த மாதிரித் துண்டை எடைபோட்டு, எடையிலிருந்து கிடைக்கும் உண்மையான பரப்பால் வகுக்கச் சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 மிமீ கம்பி ஒன்று எடையில் 4 சதவீதம் குறைவு, இரண்டு பக்கத் தரநிலைகளும் பொறுத்துக்கொள்ளும் அளவுதான். 97 கிலோநியூட்டனில் யீல்டு ஆகிறது. உண்மையான பரப்பு 193.1, அதனால் வகுத்தால் 502 எம்பிஏ, எஃப்இ 500-க்குத் தேர்ச்சி. பெயரளவுப் பரப்பு 201.1-ஆல் வகுத்தால் 482. பிரிட்டிஷ் தரநிலையான பிஎஸ் 4449-இல் எந்த ஒரு கம்பியும் 485-க்குக் கீழே போகக்கூடாது என்பதால் அதே கம்பி அங்கே தோல்வி. கம்பி மாறவில்லை, விசை மாறவில்லை, வகுத்த எண் மட்டும் மாறியது. டிசைன் செய்பவர் தன் கணக்கில் பெயரளவுப் பரப்பைத்தான் போடுகிறார், ஆகவே ஒப்பிடும்போது எம்பிஏ-வை விட்டுவிட்டு யீல்டு விசையை நேரடியாக வாங்கிப் பெயரளவுப் பரப்பால் நீங்களே வகுத்துக்கொள்வது நல்லது. சர்டிபிகேட்டில் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று இருந்தால், எம்பிஏ-வை உண்மையான எடைக்கும் பெயரளவு எடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினாலும் அதே விடை கிடைக்கும்.

அடுத்து உத்தரவாதம். ஐஎஸ் 1786-உம் ஏஎஸ்டிஎம்-உம் குறைந்தபட்ச மதிப்பு பேசுகின்றன, சோதித்த துண்டு அதற்குக் கீழே போகக்கூடாது. பிஎஸ் 4449, ஆஸ்திரேலிய–நியூசிலாந்து 4671 போன்றவை சிறப்பியல்பு மதிப்பு பேசுகின்றன, அதாவது உற்பத்தி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 5 சதவீதத்துக்கு மேல் அந்த எண்ணுக்குக் கீழே விழக்கூடாது. அதனால்தான் 500 என்று பெயர் வைத்துவிட்டு மேலே சொன்ன 485 என்ற தனிக்கம்பி எல்லையையும் வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் என்பது கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் சிறப்பியல்பு முறையின் பின்னால் ஆலையின் நீண்டகாலப் புள்ளிவிவரமும் வெளியார் கண்காணிப்பும் நிற்கின்றன, எனவே எது மேல் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. நடைமுறையில் எந்த ஆலையும் சரியாக 500-இல் போய் நிற்காது. நீங்கள் செய்ய வேண்டியது, வந்த எல்லா வார்ப்பு எண்களின் (ஒரே முறை உருக்கிய எஃகுத் தொகுதிக்கு ஆலை தரும் எண்) முடிவுகளையும் வாங்கிச் சராசரியையும் சிதறலையும் பார்ப்பது. ஒரே ஒரு அழகான முடிவைக் காட்டும் சர்டிபிகேட் எதையும் நிரூபிக்காது.

நீட்சி: சதவீதங்களை நேராக ஒப்பிடாதீர்கள்

எஃப்இ 500டி அறுந்த பிறகு 16 சதவீத நீட்சி கேட்கிறது. இன்னொரு ஏஎஸ்டிஎம் தரநிலையான ஏ706-இன் கிரேடு 60, 16 மிமீ-யை ஒட்டிய கம்பிக்கு 14 சதவீதம் கேட்கிறது. அப்படியானால் முதலாவதுதான் நன்றாக நீளும் கம்பி என்று தோன்றும். தப்பு. முதலாவதை அளப்பது விட்டத்தின் ஐந்து மடங்கு நீளத்தில், அதாவது 80 மிமீ. இரண்டாவதை அளப்பது எல்லா அளவுக் கம்பிக்கும் நிலையான 200 மிமீ நீளத்தில். கம்பி அறுவதற்கு முன் ஓரிடத்தில் கழுத்துப் பிடித்தாற்போல் மெலிந்து அங்கே மட்டும் அதிகமாக நீளும், குறுகிய நீளத்தில் அளந்தால் அந்தப் பங்கு பெரிதாகத் தெரியும், நீண்ட நீளத்தில் கரைந்துபோகும்.

மாற்றிப் பார்க்க ஐஎஸ்ஓ 2566-1-இன் வழி இருக்கிறது: பரப்பின் வர்க்கமூலத்தை அளவு நீளத்தால் வகுத்து, அதை 0.4 அடுக்குக்கு உயர்த்தி, 2-ஆல் பெருக்கி, ஐந்து மடங்கு நீளத்து சதவீதத்தோடு பெருக்குங்கள். 16 மிமீ கம்பிக்கு அந்தக் காரணி சுமார் 0.69, ஆக 16 சதவீதம் 200 மிமீ நீளத்தில் 11-ஆகச் சுருங்கிவிடுகிறது. ஏ706 கேட்கும் 14-க்கு எதிரே 11. 25 மிமீ கம்பிக்கு அதே 16 சதவீதம் சுமார் 13 ஆகும், அங்கே ஏ706 கேட்பது 12, படம் தலைகீழாகிறது. 40 மிமீ கம்பியில் ஐந்து மடங்கு என்பதே 200 மிமீ, மாற்ற வேண்டிய வேலையே இல்லை. ஆக விட்டம் சொல்லாமல் நீட்சியை ஒப்பிடவே முடியாது. இன்னொன்று, அந்த ஐஎஸ்ஓ முறை தண்ணீரில் குளிர்வித்து உறுதியாக்கிய எஃகுக்கு எழுதப்பட்டதல்ல, இன்றைய டிஎம்டி கம்பிகள் பெரும்பாலும் அந்த வகை. எனவே இதைத் தோராயமாகப் பாருங்கள், ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் சீர் நீட்சியை, அதாவது உச்ச விசையில் மொத்த நீட்சியை ஒப்பிடுங்கள். அதைத்தான் ஏஜிடி என்பார்கள். கழுத்து விழுவதற்கு முன்னால் அளப்பதால் அளவு நீளம் இதைப் பாதிக்காது. ஐரோப்பிய பி வகுப்புக்கு 5, சி வகுப்புக்கு 7.5, எஃப்இ 500டி, 550டி இரண்டுக்கும் 5, ஆஸ்திரேலிய 500என்-க்கு 5, நியூசிலாந்தில் நிலநடுக்கத்துக்கான 500ஈ-க்கு 10, சீன எச்ஆர்பி500-க்கு 7.5, அதன் ஈ வகைக்கு 9 சதவீதம். 500எல் வெறும் 1.5 சதவீதம், வலைக் கம்பிகளில் வரும் வகை, அதை மற்றவற்றோடு வரிசையில் வைக்கவே வேண்டாம். ஏ615 இந்த மதிப்பைக் கேட்பதே இல்லை.

சர்டிபிகேட்டில் ஏஜிடி இல்லையா, லேபில் செய்யச் சொல்லுங்கள், விசேஷக் கருவி எதுவும் தேவையில்லை. இழுப்பதற்கு முன் கம்பி முழுக்க 10 மிமீ-க்கு ஒரு குறி போட வேண்டும். அறுந்த பிறகு, அறுந்த இடத்திலிருந்து குறைந்தது 50 மிமீ அல்லது விட்டத்தின் இரு மடங்கு, எது பெரிதோ அத்தனை தள்ளி, முன்பு 100 மிமீ இருந்த நீளத்தை மறுபடி அளக்க வேண்டும். 106.2 ஆகியிருந்தால் 6.2 சதவீதம். அதோடு உச்ச வலிமையை 2000-ஆல் வகுத்துக் கூட்டுங்கள், 620 எம்பிஏ என்றால் 0.31. மொத்தம் 6.5. அவ்வளவுதான்.

மேல் எல்லை இருக்கிறதா?

வலிமை கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சாதாரண ஸ்லாபில் பெரிய கெடுதல் இல்லை. நிலநடுக்கத்துக்கு டிசைன் செய்த சட்டகத்தில் அது ஆபத்து. அங்கே பீமின் முனை முதலில் யீல்டு ஆகட்டும், தூண் நிற்கட்டும் என்று திட்டமிட்டிருப்பார்கள். 420 என்று நினைத்த பீமில் உண்மையில் 600 எம்பிஏ கம்பி போனால் பீம் முனையின் தாங்கும் திருப்புவிசை ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும், அதோடு பீமுக்கு வரும் வெட்டுவிசையும் ஏறும், அதைத் தாங்க ஸ்டிரப் (வளையக் கம்பி) போடவில்லை, கடைசியில் தூணோ இணைப்போ முதலில் போகும்.

அதனால் இப்படிப்பட்ட வேலைக்கு இரண்டு எண்களைத் தேடுங்கள், யீல்டின் மேல் எல்லையும், உச்ச வலிமைக்கும் யீல்டுக்கும் உள்ள விகிதமும். ஏ706 கிரேடு 60-க்கு யீல்டு 420-இலிருந்து 540-க்குள், விகிதம் குறைந்தது 1.25. சீன ஈ வகையிலும் விகிதம் 1.25, உண்மை யீல்டு பெயரளவின் 1.30 மடங்கைத் தாண்டக்கூடாது. 500ஈ-க்கு யீல்டு 500–600, விகிதம் 1.15–1.40. பி500சி-க்கு விகிதம் 1.15-க்கு மேல், 1.35-க்குக் கீழ். ஜப்பானின் எஸ்டி490-க்கு யீல்டு 490–625. கனடாவின் 400டபிள்யூ-க்கு 400–525. ஏ615-இலும் வெறும் எஃப்இ 500-இலும் யீல்டுக்கு மேல் எல்லை கிடையாது, ஆகவே டிராயிங்கில் ஏ706 இருந்தால் அவற்றை அப்படியே ஏற்க வழியில்லை, அந்த வார்ப்பின் சோதனை முடிவுகள் ஏ706-இன் எல்லா நிபந்தனைகளுக்குள்ளும் வந்தால் மட்டும் பேசலாம். எஃப்இ 500-இன் விகிதம் 1.08, 500டி-யின் விகிதம் 1.10 என்பதை மறக்காதீர்கள், 1.25-இலிருந்து வெகுதூரம். இந்தியத் தரநிலையில் 1.25 கேட்பது எஸ் வகைகள்தான்.

வெல்டிங் உண்டா என்று முதலில் கேளுங்கள்

இல்லை என்றால் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். உண்டு என்றால் கார்பன் சமானத்தைப் (வெல்டிங்குக்கு எஃகு எவ்வளவு ஏற்றது என்று காட்டும் எண்) பாருங்கள், ஆனால் எந்தச் சூத்திரம் என்று பார்த்த பிறகு. பிஎஸ் 4449, ஐஎஸ் 1786 போன்றவை பயன்படுத்துவது: கார்பன், கூட்டல் மாங்கனீசு வகுத்தல் 6, கூட்டல் குரோமியம்–மாலிப்டினம்–வனேடியம் மூன்றின் கூட்டுத்தொகை வகுத்தல் 5, கூட்டல் நிக்கல்–செம்பு இரண்டின் கூட்டுத்தொகை வகுத்தல் 15. ஏ706-இன் சூத்திரம் வேறு, அதில் வனேடியமும் மாலிப்டினமும் கழிக்கப்படுகின்றன! கார்பன் 0.22, மாங்கனீசு 1.35, குரோமியம் 0.10, மாலிப்டினம் 0.02, வனேடியம் 0.08, நிக்கல் 0.10, செம்பு 0.20 உள்ள ஒரு வார்ப்பு முதல் சூத்திரத்தில் 0.505, பிஎஸ் 4449-இன் 0.50 எல்லையைச் சற்றே தாண்டுகிறது. ஏ706 சூத்திரத்தில் அதுவே 0.46, அங்கே எல்லை 0.55. சர்டிபிகேட்டில் சமானம் என்று ஒரு எண் மட்டும் இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தனிமங்களிலிருந்து நீங்களே கணக்கிடுங்கள். ஏ615 கார்பனுக்கு எல்லையே வைப்பதில்லை, எனவே அந்தக் கம்பியை வேதியியல் பார்க்காமல் வெல்டிங்குக்கு விடாதீர்கள்.

தயாரிப்பு முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் குளிர்வித்த கம்பிக்கு வெளியே கடினமான வளையம், உள்ளே மென்மையான நடுப்பகுதி. கப்ளருக்கு (இரண்டு கம்பிகளை முனையோடு முனை இணைக்கும் உறை) மரை வெட்டும்போது வலிமையான அந்த வெளிப்பகுதிதான் சீவப்படுகிறது. சீனாவின் எச்ஆர்பி கிரேடுகளில் இந்த வளையமே இருக்கக்கூடாது, 2018 பதிப்பு அதைக் கண்டுபிடிக்கக் குறுக்குவெட்டுச் சோதனையும் சேர்த்தது. ஒரே 500 எண்ணுக்கு இப்படி இரண்டு வெவ்வேறு பொருள்கள் கிடைக்கலாம்.

அளவு, அப்புறம் டிசைன்

25 என்ற எண்ணுக்குக்கூட நாலு அர்த்தம். மெட்ரிக் 25 மிமீ கம்பியின் பரப்பு 491 சதுர மிமீ, அமெரிக்க 8-ஆம் எண் 510, கனடாவின் 25எம் 500, ஜப்பானின் டி25 507. கிரேடையும் அளவையும் தனித்தனியாக ஒப்பிடாமல் ஒரு கம்பிக்கு எத்தனை கிலோநியூட்டன் என்று பாருங்கள்: 25 மிமீ பி500 கம்பி 245, 8-ஆம் எண் கிரேடு 60 கம்பி 214, டி25 எஸ்டி490 கம்பி 248, 25எம் 400டபிள்யூ கம்பி 200. சைட்டில் கம்பியின் மேல் உருட்டிய எழுத்தையும் பாருங்கள், ஏஎஸ்டிஎம் கம்பியில் எஸ் என்றால் ஏ615, டபிள்யூ என்றால் ஏ706, இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் தேறியது.

விசை சமமாகிவிட்டது, கம்பி எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்று உடனே கிளம்ப வேண்டாம். எல்லா கிரேடுக்கும் மீள்தன்மைக் குணகம் (இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) ஏறக்குறைய அதே 200 ஆயிரம் எம்பிஏதான். 420 கம்பியை அதன் 60 சதவீதத்தில் வேலை வாங்கினால் 252 எம்பிஏ, 690 கம்பியை அதே 60 சதவீதத்தில் வாங்கினால் 414, அதாவது நீட்சியும் அதே விகிதத்தில் கூடும், விரிசல் அகலமும் தொய்வும் பின்னாலேயே வரும். லேப் நீளமும் (இரண்டு கம்பிகளைத் தொடர ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் நீளம்) யீல்டோடு ஏறும். அமெரிக்க கான்கிரீட் டிசைன் விதியான ஏசிஐ 318-இன் 2019 பதிப்பில் அதற்கு மேலும் கிரேடு 80-க்கு 1.15, கிரேடு 100-க்கு 1.3 என்ற பெருக்கம் உண்டு. ஸ்லாபில் விரிசல்தான் தீர்மானிக்கிறது என்றால் உயர் கிரேடு வாங்கியதில் மிச்சமாவது ஒன்றும் இருக்காது. டிசைன் விதிக்கும் தன் வரம்பு உண்டு: ஐரோப்பிய கான்கிரீட் டிசைன் விதியான யூரோகோட் 2-இன் பழைய பதிப்பு 400 முதல் 600 எம்பிஏ வரை, 2023 பதிப்பு 700 வரை. ஒரு நாட்டு விதியின் பாதுகாப்புக் காரணியை இன்னொரு நாட்டு விதியின் சூத்திரத்தில் போடாதீர்கள், யூரோகோடின் 1.15 கம்பிக்கான காரணி, ஏசிஐ-யின் குறைப்புக் காரணி முழு உறுப்புக்கானது.

சரி, இவ்வளவும் பார்த்த பிறகு டிசைனருக்கு அனுப்பும் கடிதத்தில் கிரேடு பெயர்களை மட்டும் எழுதி 'சமம்' என்று கேட்காதீர்கள், அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். இரண்டு தரநிலைகளின் பதிப்பு ஆண்டு, பெயரளவுப் பரப்பில் மாற்றிய யீல்டு, உண்மையான விகிதம், ஏஜிடி, தனிமங்களோடு கார்பன் சமானம், தயாரிப்பு முறை, ஒரு கம்பியின் விசை, மாறும் லேப் நீளம் இவற்றை ஒரே பக்கத்தில் கொடுங்கள். ஒப்புதல் வந்து கம்பி இறங்கியதும் கட்டுகளில் தொங்கும் அட்டையின் வார்ப்பு எண் சர்டிபிகேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு விட்டத்திலும் துண்டு வெட்டி, எடை போட்டு, நீங்களே தேர்ந்தெடுத்த லேபுக்கு அனுப்புங்கள், முடிவு வரும் வரை அந்தக் கட்டை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக அடுக்கச் சொல்லுங்கள்.